காசநோயும் எச்.ஐ.வி.யும்: இரு சிகிச்சைகளும் ஒன்றுசேரும் வாரங்கள்

காசநோய் குணமான பின்னரே எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்க வேண்டும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அது பழைய வழக்கம். கம்போடியாவில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்திருந்த நோயாளிகளுள், 8 வாரங்கள் காத்திருந்தவர்களைவிட 2 வாரங்களில் தொடங்கியவர்களிடையே இறப்பு குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் இப்போது 2 வாரங்களுக்குள் தொடங்கவே பரிந்துரைக்கிறது. மூளையுறைக் காசநோய்க்கு மட்டும் 4 முதல் 8 வாரங்கள்.

தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் திரும்பலாம், கழுத்துக் கட்டி பெரிதாகலாம். மீண்டெழும் எதிர்ப்பாற்றல் கிருமியைத் தாக்குவதாலும் இவ்வாறு நேரும். மருந்தைத் தாமாக நிறுத்தாமல், உடனே ஏ.ஆர்.டி. மையத்தை அணுகுங்கள்.

ரிஃபாம்பிசின், டாலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். எனவே 12 மணி நேரம் கழித்து 50 மி.கி. டாலுடெக்ராவிர் மாத்திரை ஒன்று கூடுதலாகத் தரப்படுகிறது. பலர் தவிர்ப்பது இதைத்தான். ரிஃபாம்பிசின் முடிந்த பின்னும் 2 வாரங்கள் அதனைத் தொடர வேண்டும்.