முழங்காலில் துளை போடலாமா?

திருவிடைமருதூர் மகாலிங்கசாமி கோவில் மிகப் பெரிய கோவில். அதன் வெளிப் பிரகாரத்துக்கு "அசுவமேதப் பிரகாரம்" என்று பெயர். அதை வலம் வந்தால், அசுவமேத யாகம் செய்த பலன் கிடைக்கும் என்பது நம்பிக்கை.

வலம் வர வயதானவர்களுக்கு ஆசைதான். ஆனால், கால் ஒத்துழைக்க வேண்டுமே! பாதி வழியில் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொள்ளும் பாட்டிகள் உண்டு.

இதில் அதிசயம் இல்லை. சிறு வயது முதல் சேற்றில் குனிந்து நாற்று நட்ட கால்கள் அவை. களை பறித்த கால்கள். பக்கத்தில் உள்ள திருபுவனத்திலோ, தறியில் மிதித்து மிதித்துப் பட்டு நெய்த கால்கள்.

அந்த நேரத்தில் யாராவது ஒருவர் சொல்கிறார்:

"இரண்டே இரண்டு துளைதான். பெரிய ஆபரேஷன் இல்லை. மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாம்!"

உடனே வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது.

கொஞ்சம் பொறுங்கள். அந்த ஆபரேஷன் நல்ல ஆபரேஷன்தான். ஆனால், அது எல்லா முழங்காலுக்கும் ஏற்றது அல்ல.

ஜப்பானில் பிறந்த வைத்தியம்

இந்தச் சிகிச்சைக்குப் பெயர் "ஆர்த்ராஸ்கோப்பி." முழங்காலில் சிறு துளை போட்டு, பென்சிலைவிட மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள். அதில் விளக்கும் காமிராவும் இருக்கும். மூட்டின் உட்புறம் டெலிவிஷன் திரையில் பெரிதாகத் தெரியும். இன்னொரு துளை வழியாகச் சிறு கருவியை விட்டு, டாக்டர் வேலையை முடிப்பார்.

1918-ம் ஆண்டில், டோக்கியோவில் டாக்டர் தகாகி என்பவர் இறந்தவரின் முழங்காலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். காசநோயால் மூட்டு விறைத்துப்போனவர்கள் அங்கே பலர். ஜப்பானியரும் நம்மைப்போல் தரையில் உட்காருகிறவர்கள். முழங்கால் மடங்காவிட்டால் அவர்கள் பாடு திண்டாட்டம்தானே!

அவருடைய மாணவர் டாக்டர் வதனபே. 1962-ல், கிழிந்த மூட்டு ஜவ்வை அவர் இந்த முறையில் வெட்டி எடுத்தார். நோயாளி யார்? கூடைப்பந்து ஆடும்போது முழங்கால் திருகிக்கொண்ட 17 வயதுப் பையன்!

இதைக் கவனிக்க வேண்டும். அடிபட்ட இளைஞனுக்குச் செய்த வைத்தியம் அது. தேய்ந்துபோன கிழவர் முழங்காலுக்குச் செய்தது அல்ல.

துளை மட்டும் போட்டார்கள்!

பிறகு உலகம் எங்கும் தேய்மான மூட்டுக்கும் இதைச் செய்யத் தொடங்கினார்கள். "வலி குறைந்தது" என்று பலர் சொன்னார்கள்.

அது உண்மைதானா என்று அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர டாக்டர்கள் சோதித்தார்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேர் அதற்குச் சம்மதித்தார்கள். சிலருக்கு மூட்டைக் கழுவினார்கள். சிலருக்கு மூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். மற்றவர்களுக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டார்கள். யாருக்கு என்ன செய்தார்கள் என்று நோயாளிக்குத் தெரியாது.

முடிவு 2002-ல் வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்தும் மூன்று பிரிவினருக்கும் வலியில் வித்தியாசம் இல்லை!

பின்லாந்து நாட்டில், வயதால் ஜவ்வு நைந்து கிழிந்த 146 பேரிடம் இதேபோல் சோதித்தார்கள். 2013-ல் அதே முடிவுதான் வந்தது. 2017-ல், பல நாட்டு நிபுணர்கள் கூடி, "தேய்மான முழங்காலுக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம்" என்று அழுத்தமாகச் சொன்னார்கள்.

"ஸ்கேன் படத்தில் ஜவ்வு கிழிந்திருக்கிறதே?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 991 பேரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கிழிசல் இருந்தவர்களில் 100-க்கு 61 பேருக்கு முந்திய ஒரு மாதமாக வலியே இல்லை! தலை நரைப்பதுபோல ஜவ்வும் நைகிறது. கிழிசல் எல்லாம் வலிக்குக் காரணம் அல்ல.

யாருக்கு ஏற்றது?

கபடி ஆடி மூட்டு நார் அறுந்த இளைஞர், அடிபட்டு ஜவ்வு கிழிந்து கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டவர், மூட்டில் சீழ் பிடித்தவர் - இவர்களுக்கு இது வரப்பிரசாதம். இவர்கள் தயங்கக் கூடாது.

தேய்மானக்காரர்களுக்கு வேறு வழி உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, காலை மெதுவாக நேராக நீட்டி, சற்றுப் பிடித்து, இறக்க வேண்டும். தினமும் செய்தால் தொடைத் தசை வலுப்படும். தசை தாங்கினால் மூட்டின் சுமை குறையும். உடல் பருமனையும் குறைக்க வேண்டும். குந்தி உட்காருவதைத் தவிர்க்க வேண்டும். ஊன்றுகோல் பிடிப்பதில் வெட்கம் எதற்கு?

இவ்வளவு செய்தும் தூக்கம் கெடும் அளவுக்கு வலித்தால், மூட்டு மாற்று ஆபரேஷன் இருக்கிறது. கும்பகோணம் அரசு ஆஸ்பத்திரியிலோ, தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ எலும்பு டாக்டரிடம் யோசனை கேட்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டா என்றும் விசாரிக்கலாம்.

கேட்க வேண்டிய கேள்வி

துளை சிறிதுதான். ஆனால், மயக்க மருந்து உண்டு. அபூர்வமாகச் சீழ் பிடிப்பதும், காலில் ரத்தம் உறைவதும் உண்டு. செலவும் சிறிது அல்ல.

ஆகவே, நகையை எடுப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"ஐயா, இது அடிபட்டு வந்த கோளாறா? வயதால் வந்த தேய்மானமா?"

நல்ல டாக்டர் இதற்குக் கோபிக்க மாட்டார். "தேய்மானம்" என்று அவர் சொன்னால், நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டட்டும்!