ஒட்டு வந்தது, ஒட்டவில்லை!

சேலத்துக்குக் கிழக்கே இருக்கும் ஊர், அயோத்தியாப்பட்டணம். இலங்கையில் இருந்து திரும்பிய ராமன், முடி சூட்டும் நேரம் நெருங்கியதால் இங்கேயே முடி சூட்டிக்கொண்டான் என்பது அந்த ஊர்க் கதை. அதனால்தான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்கிறார்கள். அங்கே கோதண்டராமர் கோவிலும் இருக்கிறது.

உரியவன் முடி சூடினால் ஊருக்கு நல்லது. உரிமை இல்லாதவன் சூடிக்கொண்டால்?

கம்ப்யூட்டர் உலகில் அப்படியும் நடக்கிறது.

சின்ன சாவி, பெரிய சாவி

ஓர் அலுவலகத்தில் இருபது கம்ப்யூட்டர்கள் இருந்தால், அவை ஒன்றோடு ஒன்று இணைக்கப்பட்டு இருக்கும். அவற்றை எல்லாம் ஒரே இடத்தில் இருந்து கவனிக்கத் தனி மென்பொருள் உண்டு.

சாதாரண ஊழியருக்குக் கிடைப்பது சின்ன சாவி. அவர் தன் வேலையை மட்டும் பார்க்கலாம். நிர்வாகியிடம் இருப்பது பெரிய சாவி. அதைக் கொண்டு எல்லாக் கணக்கையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம்.

மென்பொருளை எழுதுகிறவர்களும் மனிதர்களே. எங்கேயாவது ஒரு பிழை விழுந்துவிடுகிறது. அந்த ஓட்டை வழியாகத் திருடன் நுழைகிறான். திண்ணையில் உட்கார வந்தவன் பீரோ சாவியை எடுத்துக்கொள்வது போல, பெரிய சாவியைக் கைப்பற்றி நிர்வாகி ஆகிவிடுகிறான்!

ஓட்டை தெரிந்ததும், மென்பொருளை உண்டாக்கிய நிறுவனம் அதை அடைக்க ஓர் ஒட்டு அனுப்புகிறது. இதைப் "பேட்ச்" என்கிறார்கள். சைக்கிள் டியூப்பில் பஞ்சர் ஒட்டுவது போன்றதுதான் இதுவும். ஆனால் ஒட்டு கையில் இருந்தால் மட்டும் போதுமா? ஒட்டினால்தானே சைக்கிள் ஓடும்?

செஞ்சிலுவைச் சங்கத்தில் திருட்டு

போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்களைத் தேடிச் சேர்த்து வைப்பது செஞ்சிலுவை இயக்கத்தின் பணிகளில் ஒன்று. சராசரியாக ஒரு நாளைக்கு 12 பேரை அது குடும்பத்துடன் சேர்த்து வைப்பதாக 2022-ல் சொல்லப்பட்டது.

அந்தப் பணிக்காக வைத்திருந்த விவரங்களில் திருடன் கை வைத்தான். காணாமல் போனவர்கள், சிறையில் இருந்தவர்கள், அகதிகள் என்று 5 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அவை. குறைந்தது 60 நாடுகளின் சங்கங்கள் சேர்த்துக் கொடுத்தவை.

2021 நவம்பர் 9-ந் தேதி உள்ளே நுழைந்தார்கள். 2022 ஜனவரி 18-ந் தேதிதான் அது தெரிந்தது. எழுபது நாட்கள்! அவர்கள் நிர்வாகி வேடத்தில் உலவினார்கள். விவரங்கள் பூட்டி வைக்கப்பட்டிருந்தும் பயன் இல்லை. பெரிய சாவி அவர்கள் கையில் அல்லவா இருந்தது?

சென்னையில் இருந்து போன ஒட்டு

அவர்கள் நுழைந்த ஓட்டை எது? ஊழியர்களின் கடவுச்சொற்களைக் கவனித்துக்கொள்ளும் ஒரு மென்பொருளில் அது இருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் "மேனேஜ் எஞ்சின்" பிரிவு உருவாக்கிய மென்பொருள் அது.

அந்த நிறுவனம் 2021 செப்டம்பர் முதல் வாரத்திலேயே ஒட்டை வெளியிட்டுவிட்டது. அந்த மாதம் 16-ந் தேதி அமெரிக்கப் புலனாய்வுத் துறையும் "உடனே ஒட்டுங்கள்" என்று எச்சரித்தது. திருடர்கள் நுழைந்ததோ அதற்குப் பிறகு, நவம்பரில்.

இடையில் இருந்தது இரண்டு மாதம். அதற்குள் ஒட்டப்படவில்லை. இதைச் செஞ்சிலுவைச் சங்கமே மறைக்காமல் ஒப்புக்கொண்டது. அந்த நேர்மை பாராட்டத் தக்கது.

திருடனும் படிக்கிறான்

ஒன்றை மறக்கக் கூடாது. "இங்கே ஓட்டை இருக்கிறது, இதோ ஒட்டு" என்ற அறிவிப்பை நாம் மட்டும் படிப்பதில்லை. திருடனும் படிக்கிறான்! அன்று முதல் நமக்கும் அவனுக்கும் ஓட்டப் பந்தயம். நாம் தூங்கினால் அவன் முந்துவான்.

"ஒட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை நின்றுவிடுமோ?" என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சம் வீண் அல்ல. சில நேரம் அப்படியும் ஆகிறது. அதற்கும் வழி இருக்கிறது. முதலில் கணக்குகளுக்கு ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். பிறகு ஒரு கம்ப்யூட்டரில் ஒட்டிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் மற்றவற்றில் ஒட்டலாம். நாலு நாள் வேலையை நாலு மாதம் தள்ளிப்போடுவதுதான் தவறு.

என்ன செய்ய வேண்டும்?

ஜெனீவாவில் நடந்தது நமக்கு எதற்கு என்று இருந்துவிடக் கூடாது. இன்று அயோத்தியாப்பட்டணம் போன்ற ஊர்களிலும் பத்திரம், பட்டா, நகைக் கடன், மாணவர் மதிப்பெண், நோயாளி விவரம் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. அவை நம் வீட்டுப் பொருள் அல்லவா?

ஆகவே, ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒட்டுப் போடுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். ஒட்டு வந்த தேதியையும் ஒட்டிய தேதியையும் அவர் ஒரு நோட்டில் எழுத வேண்டும். மேலதிகாரி வாரம் ஒரு முறை அந்த நோட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு நேரமும் கொடுக்க வேண்டும். பெரிய சாவி ஓரிருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். மத்திய அரசின் "செர்ட்-இன்" அமைப்பு விடும் எச்சரிக்கைகளை விடாமல் படிக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. செல்போனில் "அப்டேட்" என்று வந்தால், நாளை பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். போனின் அமைப்புப் பகுதிக்குள் போய், அது உண்மைதான் என்று பார்த்து, அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

அரியணையில் பாதுகையை வைத்து, உரியவன் வரும் வரை நாட்டைக் காத்தான் பரதன். பெரிய சாவியை வைத்திருப்பவர்களுக்கு இருக்க வேண்டிய மனம் அதுதான். அந்தச் சாவி அவர்களுடையது அல்ல. நம்பிக் கொடுத்த மக்களுடையது.

ஒட்டு வந்துவிட்டதா? இன்றே ஒட்டுங்கள்!