கைநாட்டுக்கு முன் படித்துக் காட்டு!

கைநாட்டின் விலை என்ன என்பதை மேல்மலையனூர் வட்டாரத்து விவசாயத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வட்டிக்கடைக்காரன் நீட்டிய எழுதாத பத்திரத்தில் பெருவிரலை ஒற்றிவிட்டு, இருந்த கால் காணியையும் பறிகொடுத்த கதை எந்தக் கிராமத்தில் இல்லை?

இன்று அந்தப் பத்திரம் கைபேசிக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கடன் என்று ஆசை காட்டும் செயலியைத் திறந்தால், பக்கம் பக்கமாக இங்கிலீஷ். அடியில் 'சம்மதம்' என்றொரு பொத்தான். மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்த பெண் அதைப் படித்துவிட்டா அமுக்குகிறாள்? அமுக்கினால்தான் கடன். தவணை தவறியதும் அவள் கைபேசியிலுள்ள அண்ணன், நாத்தனார், மேஸ்திரி அத்தனை பேருக்கும் வசவு பறக்கிறது! இந்த அட்டூழியம் நாடெங்கும் முற்றிய பிறகே, கடன் செயலிகள் தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கள்ளச் செயலிகளுக்கு அதுவும் உறைக்கவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல்தான் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அதிலும் முக்கிய ஷரத்துகளுக்குக் கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம்! கூலிக்காரனின் தவணைக்கு 18 நாள் அவகாசம் உண்டா?

இருந்தாலும் அதில் நாம் பற்றிக்கொள்ள ஒரு பிடி இருக்கிறது. என்ன தகவல் எடுக்கிறார்கள், எதற்காக, சம்மதத்தைத் திரும்பப் பெறுவது எப்படி, எங்கே புகார் செய்வது என்பதையெல்லாம் எளிய மொழியில் சொல்லித்தான் சம்மதம் கேட்கவேண்டும். தமிழ் உட்பட எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் நாம் விரும்பும் மொழியில் அதைத் தரவேண்டும்.

தமிழ் என்றதும் வக்கீல் நோட்டீசை மொழிபெயர்த்து ஒட்டினால் நாம் ஏற்கமாட்டோம். 'சேவை மேம்பாட்டிற்காக மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்' - இது யாருக்கான தமிழ்? 'உங்கள் நம்பரை இன்ன கம்பெனிக்குக் கொடுப்போம்; கடன் அடைந்து இத்தனை மாதத்தில் அழித்துவிடுவோம்' என்று எழுதட்டுமே! எழுதக் கூசுகிறவன், எழுதக் கூசும் காரியத்தைச் செய்கிறான் என்றே அர்த்தம்.

மில் தோழர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். இதே சட்டத்தின் 7-ஆவது ஷரத்து, வேலை சம்பந்தமான காரியங்களுக்குத் தொழிலாளியின் சம்மதமே இல்லாமல் அவன் தகவலைப் பயன்படுத்த முதலாளிக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறது. சம்மதம் வேண்டாத இடத்தில் அறிவிப்பும் வேண்டாம்! மில் வாசலில் பதியும் விரல் ரேகையும் முகமும் எங்கே போகின்றன? வேலையை விட்டவனின் ரேகை என்னாகிறது? சட்டம் வாய் திறக்காவிட்டால் சங்கம் திறக்கவேண்டும். கூலி, போனஸ் கோரிக்கைகளோடு இதையும் சேர்த்து, பதிலைத் தமிழில் எழுதி டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டும்படி கோரவேண்டும்.

மேல்மலையனூர்த் தோழர்கள் ஒரு கூட்டத்திலேயே தொடங்கலாம். (அமாவாசை ராத்திரி வேண்டாம்; ஊரே அங்காளம்மன் ஊஞ்சலுக்குப் போயிருக்கும்.) படித்த தோழர் ஒருவர் கடன் செயலியின் சம்மத வாசகத்தை உரக்கப் படிக்கட்டும். புரியாத வரிகளைக் குறித்துக்கொண்டு, தமிழில் எழுதித் தரும்படி கம்பெனிக்கே கடிதம் போடட்டும். பதில் வரும்வரை யாரும் அந்தப் பொத்தானை அமுக்கவேண்டாம்.