தெளிக்கும் முன் வாயைப் பாருங்க

சைதாப்பேட்டையில் எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு பெரிய கிளை காய்ந்து, ரெண்டு மழைக்காலம் அப்படியே நின்றது. போன மழையில் முறிந்து விழுந்தது. வெட்ட வந்த தொழிலாளி கோடாரியால் பட்டையை நெம்பினார். உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சண இழை. அதன்மேல் தட்டையாய், கறுப்பாய் இருபது முப்பது பூச்சிகள், குஞ்சும் பெருசுமாக.

"ஐய, மூட்டப்பூச்சி சார். தள்ளி நில்லு சார்" என்றார்.

அதற்குள் எதிர்வீட்டு அம்மா மருந்து டப்பாவோடு வந்துவிட்டார். நான் நாலைந்தைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டேன். மிச்சமெல்லாம் அங்கேயே செத்தது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இயற்கை விவசாயம் செய்கிற நாமும் இதைத்தானே செய்கிறோம்? இலையில் எது ஊர்ந்தாலும் "என்ன அடிக்கலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. கையில் இருப்பது ஐந்திலைக் கரைசலா, புகையிலை போட்ட அக்னி அஸ்திரமா என்பது மட்டும்தான் வித்தியாசம். புகையிலைச் சாறுக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி தெரியாதுங்க.

தீப்பெட்டிக்காரர்களை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூட்டைப்பூச்சி இல்லை. ரத்தம் குடிப்பதும் இல்லை. இவை தட்டை நாவாய்ப்பூச்சிகள். அறிவியலில் அராடிடே குடும்பம், உலகம் முழுக்க சுமார் 2,000 இனங்கள் தெரிய வந்திருக்கின்றன. நம் கதிர்நாவாய்ப்பூச்சிக்குத் தூரத்து உறவு. உடம்பு பட்டைக்கடியில் நுழைவதற்கென்றே தட்டியெடுத்தது போல இருக்கிறது. மேல்தோல் மரப்பட்டை மாதிரியே சொரசொரப்பு. உணர்கொம்பில் நாலு கணு. இறக்கை வயிற்றை முழுக்க மூடாது. இரண்டு பக்கமும் வயிற்றின் ஓரம் கரை கட்டினாற்போல வெளியே தெரியும். சில இனங்களுக்கு இறக்கையே கிடையாது. இருட்டில் கிடக்கிற பூச்சிக்கு எதற்கு?

ஆனால் அதிசயம் அதன் வாயில்தான். நாவாய்ப்பூச்சி எல்லாவற்றுக்கும் மூக்கு போன்ற ஒரு உறை, அதற்குள் மயிர் போல நாலு ஊசிகள். வெளி ரெண்டும் குத்தும்; உள் ரெண்டும் சேர்ந்து எச்சில் போக ஒரு குழாய், சாறு ஏற ஒரு குழாய். நம் தட்டைப்பூச்சிக்கு உறை குட்டைதான், ஊசியோ அதைவிடப் பல மடங்கு நீளம். மிச்ச நீளம் எங்கே போகிறது? தலைக்குள், கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்தது போலச் சுருண்டு கிடக்கிறது. இது கை லென்ஸில் தெரியாது. தலையைப் பிளந்து பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மக்கும் மரத்துக்குள் ஆழமாய் ஓடும் பூஞ்சண இழையைத் தேடிப் பிடித்துக் குடிக்கத்தான் அத்தனை நீளம். ஐரோப்பாவில் பைன் மரச் சாற்றைக் குடிக்கிற ஒரு இனம் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு உயிருள்ள பயிரால் ஒரு பயனும் இல்லை.

வாயைப் பார்த்தால் தொழில் தெரிந்துவிடும். பயிர்ச்சாறு குடிப்பதற்கு மூக்கு ஒல்லியாய், நீளமாய், மார்போடு ஒட்டிக் கிடக்கும். புழுவைக் குத்தித் தின்னும் கொலைகார நாவாய்ப்பூச்சிக்குக் குட்டையாய், தடியாய், அரிவாள் போல வளைந்திருக்கும். நூறு இருநூறு ரூபாய் லென்ஸ் போதும். தெளிப்பான் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்க.

புதிய பூச்சி இனம் ஒன்றை அறிவிக்கும் கட்டுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அலுப்புத் தட்டும். தலை நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, மூச்சுத் துளை வயிற்றின் அடியிலா ஓரத்திலா என்று ஒரே அங்கலட்சணம். 'இதனால் உழவனுக்கு என்ன லாபம்?' என்று நானும் கேட்டிருக்கிறேன். மரவள்ளி மாவுப்பூச்சி கதை தெரிந்தபின் கேட்பதில்லை.

1970களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்தது அந்தப் பூச்சி. அதன் எதிரியைத் தேடித் தென் அமெரிக்கா போனவர்கள், வடபகுதியில் அச்சு அசலாக ஒரு மாவுப்பூச்சியைக் கண்டு, அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்தார்கள். பலிக்கவில்லை. உடற்கூறைத் துல்லியமாய்ப் பார்த்தபோதுதான் அது வேறு இனம் என்று புரிந்தது. சரியான இனம் 1981-ல் பராகுவேயில் கிடைத்தது. அதோடு கிடைத்த சின்னக் குளவி கோடிக்கணக்கானோரின் சோற்றைக் காப்பாற்றியது. அதே மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் தென்பட்டு, நம் சேலம், நாமக்கல் மரவள்ளிக்கும் வந்தது. பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியைத் தருவித்து, 2022-ல் ஏத்தாப்பூரில் வெளியிட்டார்கள். இனம் தப்பாய்ப் பார்த்திருந்தால் இங்கேயும் வீண் செலவுதான்.

ஆனால் இந்த அங்கலட்சணம் எழுதுகிறவர்கள் அருகிக்கொண்டே வருகிறார்கள். எழுதுவதும் ஆங்கிலத்தில். 1868-ல் இதே சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906-ல் கோவைக்குப் போய், 1971-ல் பல்கலைக்கழகமானது. நூற்றைம்பது வருசத்துக்கு மேல் ஆச்சு. இன்னும் ஒரு விவசாயி பூச்சியைத் தீப்பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தால், 'இதன் பெயர் இது, இது தின்பது இது' என்று தமிழில் ஒரு சீட்டு கொடுக்க மாவட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டாமா? மருந்துச் சீட்டு மட்டும் உடனே கிடைக்கிறது. நம் இயக்கம் கேட்க வேண்டிய கோரிக்கைகளில் இதையும் சேர்க்கணும். இந்த இதழும் மாதம் ஒரு பூச்சியின் வாயைப் படம் போட்டு விளக்கலாம்.

வரப்பில் பட்டுப்போன மரம் கிடந்தால் உடனே கொளுத்த வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். தண்டைத் துளைக்கும் வண்டு தாக்கிய தென்னை, மா என்றால் அப்புறப்படுத்தத்தான் வேண்டும். மற்றது ஒரு ஓரமாய் மக்கட்டும்.

அந்தக் கிளையில் ரெண்டு முழக் கட்டையைக் கேட்டு வாங்கி, மாடியில் சுரைப்பந்தலுக்குக் கீழே போட்டிருக்கிறேன். தீப்பெட்டிக்காரர்கள் இப்போது அங்கேதான் குடித்தனம். "காசு கொடுத்தாக்கூட யாரும் மூட்டப்பூச்சி வாங்கிட்டு வரமாட்டாங்க" என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.