எட்டு வருட அவகாசம்

1992-ல் வெளிவந்த பேகுடி என்ற இந்திப் படம் இன்று கஜோலின் முதல் படம் என்பதற்காகத்தான் நினைவில் இருக்கிறது. அதில் கதாநாயகனாக முதலில் ஒப்பந்தமானவர் சைஃப் அலி கான். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு அவர் நீக்கப்பட்டார். தொழிலில் அக்கறை போதாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அவர் இடத்துக்கு வந்த கமல் சதானா, தயாரிப்பாளரும் இயக்குநருமான பிரிஜ் சதானாவின் மகன். கஜோல் நடிகை தனுஜாவின் மகள். இயக்குநர் ராகுல் ரவைலின் தந்தை எச்.எஸ். ரவைலும் இயக்குநர்தான். ஒரு வாரிசை இன்னொரு வாரிசு வெளியே அனுப்ப, மூன்றாவது வாரிசு உள்ளே வந்தார்.

பெயர் தெரியாத ஒரு இளைஞனின் கதை அத்துடன் முடிந்திருக்கும். சைஃபை 1993-ல் யஷ் சோப்ரா அறிமுகப்படுத்தினார். படத்தின் பெயர் பொருத்தமாகவே அமைந்தது: பரம்பரா.

அந்தப் பரம்பரை சாதாரணமானதல்ல. தாய் ஷர்மிளா தாகூர், சத்யஜித் ராயின் அபுர் சன்சாரில் (1959) அறிமுகமாகி, ஆராதனா (1969) வழியே நாடு முழுவதும் பிரபலமானவர். தந்தை மன்சூர் அலி கான் பட்டோடி 1961-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தார். சில மாதங்களிலேயே டெஸ்ட் ஆட வந்து, 1962 ஜனவரியில் சென்னையில் 103 ரன் குவித்தார். அதே ஆண்டு 21 வயதில் இந்திய அணியின் கேப்டனானார். சைஃப் பிறந்தது 1970-ல். மறு ஆண்டே இந்திரா காந்தி அரசு மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் ஒழித்தது. மகனுக்கு நவாப் பட்டம் கிடைக்கவில்லை. பெயர் மிஞ்சியது.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு 1990களில் அவர் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. ஆஷிக் ஆவாரா சிறந்த புதுமுகத்துக்கான ஃபிலிம்ஃபேர் விருதைத் தந்தது. 1994-ல் இரண்டு படங்கள் ஓடின. இரண்டிலும் உடன் நடித்தவர் அக்ஷய் குமார், எந்த சினிமாக் குடும்பத்தையும் சேராதவர். பிறகு தோல்விமேல் தோல்வி. பல நாயகர்கள் நடிக்கும் படத்தில் ஒருவர் என்ற அளவுக்கு சைஃபின் மார்க்கெட் இறங்கியது. ஆனாலும் வாய்ப்பு நிற்கவில்லை.

2001-ல் வந்த தில் சாஹ்தா ஹை எல்லாவற்றையும் மாற்றியது. காதலில் திரும்பத் திரும்ப ஏமாறும் சமீராக வந்து சிரிக்கவைத்த சைஃபை, அதற்கு முன் திரையில் யாரும் பார்த்ததில்லை. இயக்கியவர் ஃபர்ஹான் அக்தர், ஜாவேத் அக்தரின் மகன். முதல் படத்துக்கும் இதற்கும் நடுவே எட்டு ஆண்டுகள்.

அடுத்த சிக்கல் விருதால் வந்தது. ஹம் தும் படத்துக்காக 2004-ம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது சைஃபுக்குக் கிடைத்தது. ஷர்மிளா தாகூர் அப்போது தணிக்கை வாரியத்தின் தலைவர். விருதைத் தேர்ந்தெடுக்கும் குழு வேறு என்றாலும், இரண்டும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருந்ததால் முணுமுணுப்பு எழுந்தது. அதற்குப் பதில் 2006-ல் ஓம்காராவில் வந்தது. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவை உத்தரப் பிரதேசத்து அடியாட்கள் நடுவே கொண்டுவந்தார் விஷால் பரத்வாஜ். காலை இழுத்து நடந்து, நாக்கில் விஷத்தோடு திரிந்த லங்கடா தியாகியிடம் நவாப் வீட்டுப் பிள்ளையின் சாயல் துளியும் இல்லை. அந்த வேடத்தை எந்த அம்மாவும் வாங்கித் தந்திருக்க முடியாது.

அப்படியானால் வாரிசு என்பது குற்றச்சாட்டே இல்லையா? 2017-ல் நியூயார்க்கில் நடந்த விருது விழா மேடையில் கரண் ஜோஹர், வருண் தவனுடன் சேர்ந்து வாரிசு விவகாரத்தை சைஃப் கேலியாக்கினார். கண்டனம் எழுந்ததும் ஒரு திறந்த கடிதம் எழுதினார். அதில் பந்தயக் குதிரைகளின் வம்சத்தை உதாரணம் காட்டி, மரபணுவைத் துணைக்கு அழைத்தார். கேலி இன்னும் அதிகமானது.

அவருடைய வாழ்க்கையே அந்த வாதத்தைப் பொய்யாக்குகிறது. திறமை ரத்தத்தில் இருந்திருந்தால் எட்டு வருடம் காத்திருக்க வேண்டியிருக்காது. சைஃபுக்குக் குடும்பம் தந்தது திறமை அல்ல, அவகாசம். தோற்ற பிறகும் போன் மணி அடித்தது. வாடகை கொடுக்க முடியாமல் ஊருக்கு ரயில் ஏற வேண்டிய நிலை வரவில்லை. நடிப்பைப் படப்பிடிப்புத் தளத்திலேயே, ரசிகர்கள் பார்க்கப் பார்க்க, கற்றுக்கொள்ள முடிந்தது. கற்றுக்கொண்டார் என்பது அவருடைய பெருமை. அதே அளவு திறமையோடு வந்து, இரண்டாவது தோல்வியோடு திரும்பிப்போனவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு கிடையாது. யாரும் எழுதிவைப்பதில்லை.

ஓட்டல் நிறுவனத்திடம் குத்தகைக்குப் போயிருந்த பட்டோடி அரண்மனையை, சினிமாவில் சம்பாதித்த பணத்தால் மீட்டதாக சைஃப் சொல்லியிருக்கிறார். பரம்பரைச் சொத்தையும் உழைத்துத்தான் பெற வேண்டியிருந்தது என்பதில் அவருக்கு நியாயமான பெருமிதம் உண்டு.

இப்போது அடுத்த தலைமுறை. மகள் சாரா 2018-ல் கேதார்நாத் மூலம் வந்தார். மகன் இப்ராஹிமின் முதல் படமான நாதானியான் 2025 மார்ச்சில் வெளியாகி, விமர்சகர்களிடம் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனால் இரண்டாவது படம் சர்ஜமீன் ஜூலையிலேயே வந்துவிட்டது. அதை இயக்கியவர் நடிகர் போமன் இரானியின் மகன். இப்ராஹிமுக்கு அம்மாவாக நடித்தவர், அப்பா இழந்த அந்த முதல் படத்தின் நாயகி கஜோல்.