ஓய்வூதியம் மீராஸ் அன்று

இராணுவத்தில் பணியாற்றிய மகன் மவ்த்தாகிவிட்டால், மருமகளின் இத்தா முடிவதற்குள்ளாகவே சில வீடுகளில் ஒரு கணக்குத் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, தந்தைக்கு ஆறில் ஒன்று. ஆகவே மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்தையும் அவ்வாறே பங்கிட வேண்டுமாம். கைம்பெண்ணின் ஏ.டி.எம். அட்டை மாமனாரின் சட்டைப்பைக்குள் போய்விடுகிறது. ஏனென்று கேட்டால் "ஷரீஅத் அப்படித்தான் சொல்கிறது" என்கின்றனர்.

ஷரீஅத்தின் பெயரால் கூறப்படும் இவ்வாதத்தை நாம் மறுக்கிறோம்.

மீராஸ் என்பது இறந்தவர் விட்டுச்சென்ற பொருள். நிலம், வங்கிச் சேமிப்பு, இறந்த நாள்வரை சேர்ந்த ஊதிய நிலுவை ஆகியன அதில் அடங்கும். கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றியபின் அவற்றைப் பங்கிடுவது கடமை. அதில் பெற்றோரின் பங்கை மறுக்கும் மருமகளும் குற்றவாளியே. குடும்ப ஓய்வூதியமோ அவர் உயிரோடிருந்த ஒரு நாளும் அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அவர் இறந்த பின்னரே பிறக்கும் உரிமை அது. உச்ச நீதிமன்றம் 1980இல் ஜோத் சிங் வழக்கில் இதையே கூறியது: சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தில் சேராது, உயில் எழுதியும் அதைப் பிறருக்கு மாற்ற இயலாது.

அத்தொகை கணக்கிடப்படும் முறையும் இதற்குச் சான்று. பணியில் இருக்கையில் இயல்பாக மரணித்தால் இறுதி ஊதியத்தில் முதல் 10 ஆண்டுகள் 50 விழுக்காடு, அதன்பின் 30. பணியே மரணத்துக்குக் காரணமென்றால் 60. போரில் வீழ்ந்தால் முழு ஊதியம். வாரிசுகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. முதலில் மனைவி, அவருக்குப் பின் 25 வயது நிரம்பாத பிள்ளைகள்.

இது நமக்குப் புதியதா? படைவீரர்களுக்கும் குடும்பங்களுக்கும் பதிவேடு வைத்து உதவித்தொகை வழங்கிய கலீஃபா உமர் (ரலி) அவர்களின் திவான் நாமறிந்ததே. பால்குடி மறந்த பிள்ளைக்கே தொகை என்றிருந்ததால் ஒரு தாய் அவசரமாகப் பால் மறக்கச் செய்ய, அக்குழந்தையின் அழுகையைக் கேட்டு, பிறந்தது முதலே தொகை உண்டென அவர்கள் மாற்றியதை வரலாறு கூறுகிறது. பொதுக் கருவூலத்திலிருந்து குழந்தைக்கென்றே வந்த பணம் அது. எவருடைய மீராஸும் அன்று.

முதிய பெற்றோர் பட்டினி கிடப்பதா என்பீர்கள். நியாயமான கேள்வி. மகனை நம்பி வாழ்ந்த பெற்றோரைக் கைம்பெண் கைவிட்டால், சிறப்புக் குடும்ப ஓய்வூதியத்தைப் பிரித்து வழங்கப் படைத்துறை விதிகளிலேயே வழியுண்டு. மனுச் செய்யலாம், அட்டையைப் பறிக்கலாகாது. எஞ்சிய மகன்மாருக்கும் பெற்றோரைப் பேணும் கடமை உண்டு. (அக்கடமையைப் பற்றி எவரும் கணக்குப் போடுவதில்லை.)

இன்னொரு கொடுமை மறுமணம். "கொழுந்தனையே மணந்துகொள், பணம் வெளியே போகாது" என்கின்றனர். அரசும் வெகுகாலம் இப்படித்தான் எண்ணியது: வீரவிருது பெற்றவரின் கைம்பெண், கணவரின் சகோதரரை மணந்தால் மட்டுமே விருதுக்குரிய உதவித்தொகை தொடரும் என்றிருந்தது. 2017இல் அரசு அந்நிபந்தனையை நீக்கிவிட்டது. இத்தா முடிந்த பெண் தான் விரும்பியவரை மணக்கலாம் என்று 1400 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்த நாம் இன்னும் நீக்கவில்லை!

ஜமாஅத் நிர்வாகிகளே, பாகப்பிரிவினைக் கடிதத்தில் ஓய்வூதியத்தைச் சேர்த்து வந்தால் கையொப்பமிடாதீர்கள். மாமனார்களே, அந்த அட்டையை இந்த ஜும்ஆவுக்கு முன் மருமகளிடம் திருப்பிக் கொடுங்கள். இதுவரை எடுத்த தொகைக்குக் கணக்கும் சேர்த்து.