கங்காணி என்றால் சூப்பர்வைசர் இல்லை

கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குள் போன கதை நம்மில் பலருக்குத் தெரியும். கங்காணியும் போயிருக்கிறார். ஆங்கில அகராதியில் தேடினால் தமிழ்த் தொழிலாளர்களின் மேலாள் என்கிற மாதிரி ஒரு வரி கிடைக்கும். பொய் இல்லை. பாதிக்கு மேல் விழுங்கிய விளக்கம்.

எனக்குக் கோபம் அகராதி மேல் இல்லை. தோட்டத்துக் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிற நம்ம ஆட்கள் மேல்தான். 'சூப்பர்வைசர்' என்று போட்டுட்டுப் போயிடறாங்க. நான் எஞ்சினியர். என் லைனிலும் ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார். அவர் யாரையும் கப்பலேற்றியதில்லை.

கங்காணி உரிமச் சீட்டோடு தன் சொந்த ஊருக்கே போனவர். மாமன், மச்சான், பக்கத்துத் தெரு என்று நம்பியவர்களைக் கூட்டிவந்தார். பிடித்த ஆளுக்குக் கமிஷன். அந்த ஆள் பெரட்டில் வந்து நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. ஒருத்தர் காய்ச்சலில் லயத்திலேயே படுத்துவிட்டால் கங்காணிக்கும் நஷ்டம். முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிப்போட்டவரும் பல இடங்களில் அவரேதான். இலங்கை மலையகத்தில் அந்தக் கடன்சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர், 1921-இல்தான் ஒழித்தார்கள். எல்லாக் கங்காணியும் வில்லன் இல்லை, துரையிடம் ஆட்களுக்காகப் பேசியவர்களும் உண்டு. சூப்பர்வைசர் என்ற சொல்லுக்குள் அதுவும் அடங்காது.

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நின்றது. கங்காணி ஆள்பிடித்தது 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை நடந்தது. அதோடு அந்தச் சொல்லுக்கும் வேலை முடிந்தது என்று ஒரு நண்பர் வாதாடுகிறார்.

முடிந்ததா? கித்தா மரம் நின்ற இடமெல்லாம் தாமானாகிவிட்ட இந்தச் செமோர், ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு நேபாளிகளும் வங்காளதேசிகளும் வருகிறார்கள். வரும்போதே தலையில் கடன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஆள் ஓடிடுவான் என்று பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் பூட்டினார்கள். பூட்டியவர்களில் தமிழரும் உண்டு. தாத்தாவைக் கங்காணி ஏய்த்த கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள்! ஆட்களைக் கொண்டுவந்து விட்டவரை எல்லாரும் 'ஏஜென்ட்' என்றுதான் சொன்னார்கள். எவ்வளவு சுத்தமான சொல்.

ஏஜென்ட் சொந்தக்காரர் இல்லையே என்பீர்கள். அந்தச் சங்கிலியின் மறுமுனையில், வங்காளதேசக் கிராமத்தில், 'தலால்' என்று ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் ஊர்க்காரர், தெரிந்தவர், நம்பத் தகுந்தவர். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அவரைத் தலால் என்றே எழுதுகிறார்கள். நம்முடைய கங்காணியை மட்டும் நாமே ஏன் சூப்பர்வைசர் ஆக்குகிறோம்?